உதாரணத்துக்கு ஒரு மச்சான்

கிராமர் சார் என்று அவருக்குப் பெயர் வைத்தது மாணவர்கள் அல்ல, கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு, சட்டைப் பையில் சிவப்புப் பேனா, எதிரில் இருப்பவர் என்ன பேசினாலும் மனதுக்குள் திருத்திக்கொண்டே கேட்கிற முகம். வேறு என்ன பெயர்தான் வைப்பது? மனிதர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் போகப்போக அப்படித் தோன்றாது.

அவரிடம் படிக்க வருகிறவர்கள் நாள் முழுக்க உழைத்துக் களைத்து வருகிறவர்கள். அழகு நிலையத்தில் முடி வெட்டும் பெண், வங்கி வாசலில் நிற்கும் காவலாளி, குளிர்பதனக் கிடங்கு ஒன்றின் மேனேஜர், அவர் கையோடு கூட்டி வரும் கிடங்குப் பையன்கள் மூன்று பேர், இன்னும் சிலர். மின்விசிறிக் காற்று பட்டதும் பாதிப் பேருக்குக் கண் சொக்கும். அவர்களை விழிக்க வைக்க கிராமர் சார் ஒரு முறை வைத்திருந்தார். புத்தகத்தில் வரும் ஜானையும் மேரியையும் அவர் வகுப்புக்குள் விடுவதே இல்லை. புது வார்த்தை எது வந்தாலும் அதைத் தனக்குத் தெரிந்த ஓர் ஆளின் தலையில் கட்ட வேண்டும். அப்போதுதான் வார்த்தை ஒட்டும் என்பார். ஒட்டவும் செய்தது.

அன்றைய பாடம், வேலை வெட்டி இல்லாமல் பொழுதைக் கழிப்பதற்கு ஆங்கிலத்தில் பேச்சுவாக்கில் புழங்கும் சொற்கள். பலகையில் வரிசையாக எழுதினார். ஹேங் அரவுண்ட், லேஸ் அரவுண்ட், மெஸ் அபவுட், கூஃப் ஆஃப், ஃபிரிட்டர் அவே.

"சும்மா இருக்கறதுக்கு வெள்ளைக்காரன் எத்தனை வார்த்தை வச்சிருக்கான் பாருங்க," என்றார். "ஒரு இடத்துல காரணமே இல்லாம நின்னுட்டு இருந்தா ஹேங் அரவுண்ட். சோபாவுல சாஞ்சு கெடந்தா லேஸ் அரவுண்ட். உருப்படியா ஒண்ணும் செய்யாம எதையாவது நோண்டிட்டு இருந்தா மெஸ் அபவுட். கூஃப் ஆஃப்னா நம்ம பாஷையில ஓபி அடிக்கறது. இருக்கற நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா வீணாக்கினா ஃபிரிட்டர் அவே. எங்க, ஆளுக்கொரு உதாரணம் சொல்லுங்க."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கிடங்குப் பையன்கள் ஓபி அடிப்பதைப் பற்றி என்ன வாக்கியம் சொல்வார்கள்? வகுப்பு படுத்துவிடும் போலிருந்தது. அப்போதுதான் கிராமர் சார் தன் மச்சானை இழுத்து வந்து நடுவில் நிறுத்தினார். மனைவியின் தம்பி. வீட்டோடு இருக்கிறான். வேலை இல்லை.

"மை மச்சான் லேஸஸ் அரவுண்ட் ஆன் மை சோபா," என்று ஆரம்பித்தார். முதல் வாக்கியத்திலேயே காவலாளி சிரித்துவிட்டார். இரண்டாவதில் மச்சான் டீக்கடையில் நின்றான். மூன்றாவதில் ரிமோட்டைக் கையில் வைத்தபடியே ரிமோட்டைத் தேடினான். நான்காவதில், குளித்தால் களைத்துவிடுவோமே என்று குளிக்காமல் இருந்தான். அழகு நிலையப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அத்தனை வார்த்தையும் அன்றைக்கே எல்லோருக்கும் மனப்பாடம்.

அதற்கப்புறம் மச்சான் வகுப்பின் பொதுச்சொத்து ஆகிவிட்டான். எந்தப் பாடம் நடந்தாலும் அவன் வந்து போக வேண்டும். "சார், மச்சான் என்ன பண்றாரு?" என்று கேட்டுக்கொண்டே மாடிப்படி ஏறுவார்கள். கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா? வாரத்துக்கு ஒன்றாவது புதிதாக ஜோடித்தார். சிரிப்பு அடங்கிய பிறகு நெஞ்சில் ஏதோ ஒன்று உறுத்தும். பலகையை அழிக்கும்போது அதையும் சேர்த்து அழித்துவிட்டுப் படியிறங்குவார்.

உறுத்தியது என்னவென்றால், அந்த வீட்டின் நடு அறையில் கிராமர் சாருடைய அப்பா படுத்திருந்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், ஆஜானுபாகு. இரண்டு வருடத்துக்கு முன் வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் குழறிப்போனது. மச்சான் வேலை பார்த்த எலெக்ட்ரானிக்ஸ் கடை மூடி, அக்கா வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று அவன் வந்த சமயம் அது. ஒரு வாரம் இரண்டு வருடமாகிவிட்டது. அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள், விடிந்ததும் கிளம்ப வேண்டும். ஆகவே பெரியவரை எழுப்பி, துடைத்து, நாற்காலிக்கு மாற்றி, கஞ்சி புகட்டி, முகம் மழித்து, சிறுநீர்ப் பை மாற்றி, புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பதெல்லாம் அவன் கைக்கு வந்து சேர்ந்தன. யாரும் அவனிடம் கேட்கவில்லை. அவனும் செய்கிறேன் என்று சொல்லவில்லை. பெரியவர் மதியம் தூங்கும்போது அவன் சோபாவில் சாய்வான். கிராமர் சார் வகுப்பில் சொன்ன சோபா அதுதான். அவர் சொன்னது முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஒரு நாளில் அரை மணி நேரத்தை வெட்டி எடுத்து அதையே நாள் முழுக்க ஓட்டினார்.

அப்படியானால் கிராமர் சார் எங்கே இருந்தார்? வகுப்பு மாலையில்தான். ஆனால் அவர் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு "பாடம் தயார் பண்ணணும்" என்று கிளம்பிவிடுவார். ஜெராக்ஸ் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அன்றைய செய்தித்தாளை விளம்பரம் வரை படிப்பார். அது முடிந்ததும் கடைக்காரரோடு ஊர்வம்பு. அதுவும் தீர்ந்தால் பேருந்து நிலையத்தில் போய் உட்கார்ந்து, ஏறப்போகாத பேருந்துகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்பாவின் அறையில் ஒரு மருந்து வாடை இருந்தது. அப்பாவின் கண் தன் மேல் வந்து நிற்கும்போது என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை. அந்த வாசலைத் தாண்ட அவருக்குப் பயமாக இருந்தது, பயப்படுவது வெட்கமாகவும் இருந்தது. பலகையில் அவர் எழுதிய அத்தனை சொல்லும் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அவருக்கே பொருந்தும். அதை மச்சானுக்கு மாட்டிவிட்டார்.

ஒரு வியாழக்கிழமை இரவு கிராமர் சார் வீட்டுக்கு வந்தபோது, மச்சான் வழக்கத்துக்கு மாறாகச் சலவைச் சட்டையோடு இருந்தான். முகம் பளிச்சென்று இருந்தது. மதியம் பெரியவரைப் பக்கத்து வீட்டு நர்ஸம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு ஓர் இன்டர்வியூவுக்குப் போயிருக்கிறான். குளிர்பதனக் கிடங்கில் சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை.

"உங்க ஸ்டூடண்ட்தான் மாமா அங்க மேனேஜர்," என்றான். "தெரிஞ்சவங்க யாருன்னு கேட்டாங்க, உங்க பேரைச் சொன்னேன். அவ்வளவுதான், மனுஷன் சிரிச்சுட்டாரு. 'நீங்கதான் அந்த மச்சானா'ன்னு கேட்டாரு. கூட இருந்தவங்களும் சிரிச்சாங்க. ரொம்ப நாள் பழகின மாதிரி."

கிராமர் சார் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

"என்னைப் பத்தி கிளாஸ்ல பேசுவீங்களா மாமா?"

"எப்பவாவது."

"நெனச்சேன்," என்றான் மச்சான். அவன் அக்காவைப் பார்த்துச் சிரித்தான். "பாத்தியாக்கா, மாமாவுக்கு நம்ம மேல அக்கறை இல்லன்னு சொல்லுவியே."

அக்காவும் அன்று கணவனை ஒரு மாதிரி நன்றியோடு பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த பார்வை. அதைத் தாங்க முடியாமல் கிராமர் சார் எழுந்து போய் ஏற்கெனவே பூட்டியிருந்த பின்கதவைப் பூட்டிப் பார்த்தார்.

சனிக்கிழமை வகுப்பு முடிந்தது. எல்லோரும் இறங்கிப்போன பிறகு மேனேஜர் மட்டும் நின்றார்.

"சார், உங்களுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லணும்."

"எதுக்கு?"

"உங்க மச்சான் இன்டர்வியூவுக்கு வந்திருந்தாரு. ஆள் நல்லாத்தான் பேசினாரு. கணக்கெல்லாம் டக்கு டக்குன்னு சொன்னாரு. நீங்க மட்டும் முன்னாடியே சொல்லியிருக்கலன்னா எடுத்திருப்பேன். எங்க வேலையில ஒரு ஆள் அசந்தா மொத்த சரக்கும் போச்சு."

"அது கிளாஸுக்காகச் சொன்னது," என்றார் கிராமர் சார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"தெரியும் சார், கொஞ்சம் உப்பு காரம் சேத்துத்தான் சொல்லுவீங்க. ஆனா ஒண்ணுமே இல்லாமயா சொல்லுவீங்க?" மேனேஜர் யோசித்தார். "இன்னும் யாரையும் எடுக்கல. நல்ல பையன்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, திங்கக்கிழமையே வரச் சொல்றேன். உங்க வார்த்தைதான்."

ஒரு வார்த்தை. வார்த்தைகளை விற்றுப் பிழைக்கிற மனிதர். 'நல்லவன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயைத் திறந்தார். அந்தக் கணத்தில் அவர் மனதில் வந்தது மச்சானின் பளிச்சென்ற முகம் அல்ல. நடு அறைக் கட்டில்தான் வந்தது. திங்கட்கிழமை இவன் வேலைக்குப் போய்விட்டால் அப்பாவை யார் தூக்குவது? மனைவி விடிந்ததும் போய்விடுவாள். மிச்சம் இருப்பது ஒரே ஆள்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றார் கிராமர் சார்.

பாவி மனிதர். அதுவரை செய்ததை விளையாட்டு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வகுப்பு தூங்காமல் இருப்பதற்காகச் சொன்னது, சிரிப்புக்காகச் சொன்னது என்று எதையாவது சொல்லியிருக்கலாம். இதற்கு அப்படி எந்தச் சாக்கும் கிடையாது. தெரிந்தே செய்தார். மேனேஜரும் புரிந்துகொண்ட மாதிரி தலையாட்டிவிட்டு இறங்கினார். நல்லவனாக இருந்திருந்தால் வாத்தியார் ஏன் யோசிக்கப் போகிறார்?

அன்று வீட்டுக்கு வந்து சரியாகச் சாப்பிடவில்லை. "உடம்பு சரியில்லையா மாமா?" என்று கேட்டு மச்சான் வெந்நீர் வைத்துக் கொடுத்தான். அதைக் குடிக்க வேறு வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. மச்சான் பெரியவரை ஜன்னல் ஓரமாக நாற்காலியில் உட்கார வைத்து முகம் மழித்துக்கொண்டிருந்தான். செல்போனைச் சார்ஜில் போட்டு, மணி அடித்தால் எடுக்க வசதியாகக் கையெட்டும் தூரத்தில் வைத்திருந்தான். கன்னத்தை உள்ளிருந்து உப்பச் சொன்னான். பெரியவருக்கு ஒரு பக்கம்தான் உப்பியது. மறு பக்கத்தை இவன் விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டான். பெரியவர் ஏதோ குழறினார்.

"என்ன சொல்றாரு?" என்று வாசலில் நின்றபடியே கேட்டார் கிராமர் சார். அப்பா பேசுவது மகனுக்குப் புரியாது. மச்சானுக்கு மட்டும்தான் புரியும்.

"வேலைக்குப் போனதும் நான் வண்டி வாங்கணுமாம். பிரேக் போடறது எப்படின்னு அவர் சொல்லித் தருவாராம்," என்றான் மச்சான். பெரியவர் பாதி வாயால் சிரித்தார்.

கிராமர் சாரால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். கால் பழக்கதோஷத்தில் ஜெராக்ஸ் கடைப் பக்கம் திரும்பியது. ஞாயிறு, கடை பூட்டியிருந்தது. பேருந்து நிலையத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். வந்த முதல் பேருந்தில், அவருக்கே ஆச்சரியமாக, ஏறிவிட்டார்.

கிடங்குக்கு ஞாயிறு விடுமுறை இல்லை. வாசலில் கனத்த பிளாஸ்டிக் பட்டைகள் தொங்கின. அவற்றை விலக்கிக்கொண்டு ஆட்கள் பெட்டிகளோடு வரும்போதெல்லாம் குளிர் வெளியே வந்து காலில் இடித்தது. ஆணிகளில் கம்பளிக் கோட்டுகள் மாட்டியிருந்தன. வகுப்புக்கு வரும் பையன்கள் அவரைப் பார்த்ததும் கையுறையோடு வணக்கம் வைத்தார்கள். அதில் ஒருவன் "சார், மச்சான் எழுந்துட்டாரா?" என்று கேட்டான். மற்ற இருவரும் சிரித்தார்கள்.

மேனேஜர் கண்ணாடி அறைக்குள் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தார். கிராமர் சார் உட்காரவில்லை.

"அவன் நல்ல பையன்," என்றார்.

"சரி சார். ஆனா நேத்து யோசிக்கணும்னு சொன்னீங்களே."

இங்கே ஏதாவது ஜோடிக்கலாம் என்று ஒரு நொடி தோன்றியது. கைவந்த கலைதானே. ஆனால் ஜோடித்த கதைகளை உடைக்க இன்னொரு ஜோடித்த கதை போதாது என்று அவருக்குத் தெரிந்தது.

"எங்கப்பா ரெண்டு வருஷமா படுத்த படுக்கை. அவரை முழுக்கப் பாத்துக்கறது அவன்தான். காலைல தொடங்கினா அவனுக்கு ஓய்வே கிடையாது. நான் மத்தியானமே வீட்டை விட்டுக் கெளம்பிடுவேன். கிளாஸ்ல சொன்னதெல்லாம்..." அவர் நிறுத்தினார். "ஊர் சுத்தறது நான் சார். பஸ் ஸ்டாண்டுல வெட்டியா உக்காந்திருக்கறது நான். நேத்து நான் யோசிச்சது அவன் எப்படிப்பட்டவன்னு இல்ல. அவன் போயிட்டா எங்கப்பாவை யாரு பாக்கறதுன்னு."

மேனேஜர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மறுபடி மூடினார்.

"இப்ப யாரு பாப்பாங்க சார்?"

"நான்."

ஆயுள் முழுக்க ஆயிரக்கணக்கான வாக்கியங்கள் சொல்லிக் கொடுத்தவர். அந்த ஒற்றைச் சொல் வெளியே வர அவருக்கு அவ்வளவு சிரமமாக இருந்தது.

"சரி, நாளைக்குக் காலைல அனுப்புங்க," என்றார் மேனேஜர். கதவு வரை கூடவே வந்தார். அங்கே நின்று குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்லணும் சார். நம்ம பசங்க இங்க எல்லார்கிட்டயும் அந்தக் கதையைச் சொல்லி வச்சிருக்கானுங்க. இன்டர்வியூக்கு வந்த அன்னைக்கே பேர் வச்சாச்சு. 'லேஸ் அரவுண்ட்'னுதான் சொல்றானுங்க. நான் கண்டிச்சு வைக்கறேன். ஆனா உள்ள நாப்பது பேர். எத்தனை வாயை அடைக்க முடியும்?"

வரும் வழியெல்லாம் அந்தப் பெயர் கூடவே வந்தது. வேலை வாங்கிக் கொடுத்த சந்தோஷம் அவருக்குத் துளிக்கூட இல்லை. ஒரு பிள்ளையைப் பெற்றுப் பெயர் வைக்க அவர் கொடுத்து வைக்கவில்லை. பிள்ளை இல்லாத வீடு அது. வைத்த ஒரே பெயர் இதுதான்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அக்கா ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். மச்சான் முதலில் கட்டிலில் இருந்த பெரியவரிடம் ஓடினான். காதருகே குனிந்து சொன்னான். பெரியவரின் கண் நிறைந்தது. பிறகு அவன் நிமிர்ந்து பார்த்தான். சந்தோஷத்தின் நடுவில் அவனுக்கு ஒரு கவலை வந்துவிட்டது.

"மாமா, நாளைக்குக் காலைல தாத்தாவை யாரு?"

"நான் பாத்துக்கறேன்."

"அப்ப இப்பவே காட்டிடறேன், வாங்க. நாற்காலி எப்பவும் அவரோட எடது பக்கம் இருக்கணும். உங்க முட்டியை அவரோட வலது முட்டிக்கு முட்டுக் குடுங்க, இல்லன்னா மடங்கிடும். கக்கத்துல கை குடுத்து இழுக்காதீங்க, தோள் கழண்டுடும். முதுகுக்குப் பின்னாடி கையைக் கோத்துக்குங்க. அவர் மூச்சு விடும்போது தூக்குங்க."

கிராமர் சார் கையைக் கோத்தார். எத்தனை வருடம் கழித்து அப்பாவைத் தொடுகிறார்? தூக்கினார். பாதி எழுந்த பெரியவர் பயந்துபோய், நல்ல கையால் எட்டி மச்சானின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். மகன் தாங்கிக்கொண்டிருந்தும் அந்தப் பிடியை விடவில்லை. மச்சான் மெதுவாக ஒவ்வொரு விரலாக விலக்கி, அந்தக் கையைக் கிராமர் சாரின் தோளில் வைத்தான்.

நாற்காலியில் இறக்கியதும் கிராமர் சாருக்கு மூச்சு வாங்கியது. இனியும் தள்ளிப் போட்டால் நாளைக்கு அந்தப் பிளாஸ்டிக் பட்டைகளை விலக்கி உள்ளே போகும்போது இவன் காதில் அந்தப் பெயர் வேறு யார் வாயிலிருந்தோ விழும். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். சோபா, ரிமோட், குளிக்காதது, எல்லாம். மேனேஜர் சிரித்தது ஏன் என்றும் சொன்னார். நேற்று யோசித்ததையும் மறைக்கவில்லை. கடைசியில் அந்தப் பெயரையும் சொன்னார்.

அக்காதான் முதலில் பேசினாள்.

"இவன் உங்கப்பாவுக்கு மூத்திரப் பை மாத்திட்டு இருக்கும்போது நீங்க அங்க நின்னு இவனைச் சொல்லிச் சிரிச்சீங்க," என்றாள். கேள்வியாகச் சொல்லவில்லை. துணியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். கொடியில் துணியை உதறுகிற சத்தம் பலமாகக் கேட்டது.

மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காதுமடல் சிவந்திருந்தது. திட்டுவான் என்று கிராமர் சார் காத்திருந்தார். நாலு வார்த்தை நன்றாகக் கேட்டால் தேவலை என்றிருந்தது. கை ஓங்கினாலும் பரவாயில்லை.

"அன்னைக்கு நானும் சேந்து சிரிச்சேன் மாமா," என்றான் மச்சான். "நல்லதா ஏதோ சொல்லியிருக்கீங்கன்னு நெனச்சு, அவங்களோட சேந்து சிரிச்சேன்."



மச்சான் பெரியவரின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டான். ஒன்று மேலே கீழே மாறிப்போயிருந்தது, அவிழ்த்துச் சரியாகப் போட்டான். பிறகு ஸ்டூலை இழுத்து மாமாவுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தான்.

"அந்த வார்த்தையெல்லாம் எனக்கும் சொல்லிக் குடுங்க," என்றான். "எல்லாத்தையும். நாளைக்கு அவங்க கூப்பிடும்போது எனக்குப் புரியணுமில்ல. மறுபடி தெரியாம சிரிச்சுடக் கூடாது."

கிராமர் சார் ஒவ்வொன்றாகச் சொன்னார். அர்த்தமும் சொன்னார். மச்சான் கவனமாகக் கேட்டுத் திருப்பிச் சொன்னான். உச்சரிப்பில் திருத்த ஒன்றுமே இல்லை. பெரியவர் நாற்காலியில் சாய்ந்தபடி ஒருவர் மாற்றி ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.